குடும்பப் பூங்காக்களில் மது: கேரளத்தின் அடுத்த விதிவிலக்கா?

திருவனந்தபுரம்: தகவல் தொழில்நுட்பப் பூங்காக்களுக்குள் மது பரிமாற உரிமம் அளிக்கும் விதிகளைக் கேரள அரசு 2025 ஏப்ரலில் வெளியிட்டபோது, திருவனந்தபுரம் கழக்கூட்டத்தில் உள்ள டெக்னோபார்க்கைப் பற்றித்தான் எல்லோரும் பேசினர். ஆண்டுக்கு ரூ. 10 லட்சம் கட்டணம், நண்பகல் 12 மணி முதல் நள்ளிரவு 12 மணி வரை அனுமதி, பூங்காவில் பணிபுரிவோருக்கும் அவர்களது அலுவல் விருந்தினருக்கும் மட்டுமே விற்பனை, வெளியாருக்கு இடமில்லை என்பவை அந்த விதிகளின் சாரம். அவற்றைக் கவனித்துப் படித்தவர்களுக்கு வேறொரு கேள்வியும் எழுந்திருக்கும். சுற்றுச்சுவரும் வாயிற்காவலும் உள்ள வளாகம் என்பதே தகுதியானால், நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு குழந்தைகளுடன் குடும்பங்கள் செல்லும் பொழுதுபோக்குப் பூங்காவுக்கு அந்தத் தகுதி ஏன் இல்லை?

கேரளத்தின் வெளிநாட்டு மது விதிகளில் பொழுதுபோக்குப் பூங்காவுக்கென்று தனி உரிம வகை கிடையாது. தகவல் தொழில்நுட்பப் பூங்காவுக்கும் ஒரு காலத்தில் இல்லாமல்தான் இருந்தது. "பப் வசதி இல்லாததை ஒரு குறையாகத் தொழில் நிறுவனங்கள் கருதுகின்றன" என்ற பொருளில் அப்போதைய முதல்வர் பினராயி விஜயன் சட்டப்பேரவையில் 2021 நவம்பரில் பேசினார். 2022-23 மதுக் கொள்கையில் அது இடம் பெற்றது. 2024-இல் எதிர்க்கட்சியினரின் ஆட்சேபத்துக்கிடையே பேரவைக் குழுவைக் கடந்தது. 2025-இல் விதியானது. ஒரு குறையாகச் சொல்லப்பட்டது உரிமமாக மாற மூன்றரை ஆண்டுகள் போதுமானதாக இருந்தன.

கேரளத்தில் மதுவுக்கு எதிரான அரசியல் வலுவற்றது என்று இதிலிருந்து யாரும் முடிவு செய்துவிடக் கூடாது. ஏ.கே. அந்தோணி முதல்வராக இருந்தபோது 1996 ஏப்ரல் 1 முதல் சாராயம் தடை செய்யப்பட்டது. அதன் பிறகு எந்த அரசும் அந்தத் தடையைத் தொடத் துணியவில்லை. உம்மன் சாண்டி தலைமையிலான ஐக்கிய ஜனநாயக முன்னணி அரசு 2014 ஏப்ரலில் தரக்குறைவைக் காரணம் காட்டி 418 பார்களின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. காங்கிரஸ் மாநிலத் தலைவர் வி.எம். சுதீரனின் நெருக்குதலும் சேர, அதே ஆண்டு ஆகஸ்டில் ஐந்து நட்சத்திர விடுதிகளைத் தவிர மற்ற பார்கள் அனைத்தையும் மூடுவது என்று முடிவாயிற்று. அரசு மதுக்கடைகளில் பத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் காந்தி ஜயந்தி அன்று மூடுவது என்பதும் அந்த அறிவிப்பின் பகுதி.

பார் உரிமையாளர்கள் உச்ச நீதிமன்றம் வரை சென்றும் பயனில்லை. நீதிபதிகள் விக்ரம்ஜித் சென், சிவகீர்த்தி சிங் ஆகியோர் அடங்கிய அமர்வு 2015 டிசம்பர் 29-ஆம் தேதி அரசின் கொள்கையை உறுதி செய்தது. மது வணிகம் அடிப்படை உரிமை ஆகாது என்பது 1994-இல் கோடே டிஸ்டில்லரீஸ் வழக்கிலேயே தீர்ந்துபோன விஷயம். ஆகவே, யாருக்கு உரிமம் கொடுப்பது, யாருக்கு மறுப்பது என்பதில் மாநில அரசின் கை ஏறத்தாழக் கட்டற்றது.

இந்தக் கட்டற்ற அதிகாரத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. மூடுவதற்கு இருக்கும் அதிகாரம் திறப்பதற்கும் இருக்கிறது. மூடப்பட்ட பார்களில் பெரும்பாலானவை 'பீர், ஒயின் பார்லர்' என்ற பெயரில் உம்மன் சாண்டி ஆட்சிக் காலத்திலேயே மீண்டும் திறந்தன. அந்த வகையில், 'மதுவிலக்கு அரசு' என்ற பெயரையும் மது விற்பனை உரிமத்தையும் ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ள முடிந்தது. உரிமம் புதுப்பிக்க லஞ்சம் பெற்றதாக எழுந்த குற்றச்சாட்டின் தொடர்ச்சியாக, நிதியமைச்சராக இருந்த கே.எம். மாணி 2015 நவம்பரில் பதவி விலக நேர்ந்ததும் இந்த அத்தியாயத்தின் பகுதிதான்.

2016-இல் ஆட்சிக்கு வந்த இடது ஜனநாயக முன்னணி, மதுவிலக்கு அல்ல, மது தவிர்ப்பே தனது கொள்கை என்றது. 2017-இல் மூன்று நட்சத்திர விடுதிகளுக்கும் பார் உரிமம் திரும்பக் கிடைத்தது. ஐந்து நட்சத்திர விடுதிகளில் மட்டும் 29 ஆகச் சுருங்கியிருந்த பார்களின் எண்ணிக்கை 2024-இல் சுமார் 800 ஆகியிருந்தது. இந்த மாற்றத்துக்கு முன்வைக்கப்பட்ட முதன்மையான காரணம் சுற்றுலா. மாநாடுகளும் திருமணக் கூட்டங்களும் கேரளத்தை விட்டு வேறு இடங்களுக்கு நகர்கின்றன, கோவளத்துக்கு வரும் வெளிநாட்டுப் பயணி மாலையில் ஒரு கோப்பை பீருக்கு அலைய வேண்டியிருக்கிறது என்று விடுதித் துறையினர் வாதிட்டனர்.

அந்த வாதத்தை முற்றிலும் ஒதுக்கித் தள்ள முடியாது. கடற்கரையும் காயலும் ஆயுர்வேதமும் பெரும் வருவாய் தரும் மாநிலம் அது. ஆனால், சுற்றுலா என்ற சொல்லுக்குள் எத்தனை பேரை அடக்குவது என்பதில்தான் சிக்கல். கேரளத்துக்கு வரும் பயணிகளில் மிகப் பெரும்பான்மையோர் உள்நாட்டினர். வெம்பாயத்தில் உள்ள ஹேப்பிலேண்டுக்கோ, வேளிக்கோ, ஆக்குளத்துக்கோ ஞாயிற்றுக்கிழமை செல்கிறவர்கள் நாகர்கோவிலிலிருந்தும் கொல்லத்திலிருந்தும் பள்ளிப் பிள்ளைகளுடன் வருகிறவர்கள். வெளிநாட்டுப் பயணியின் பெயரில் வழங்கப்படும் சலுகை இறுதியில் இவர்களது வாசலில் வந்து நிற்கும்போது, அதற்கான நியாயம் மறுபடியும் முதலிலிருந்து கேட்கப்பட வேண்டும்.

பூங்காக்களை நடத்துவோர் இதுவரை இதைத் தங்களுக்குத் தேவையானதாகக் கருதவில்லை. கொச்சியில் 2000-இல் 'வீகாலேண்ட்' என்ற பெயரில் தொடங்கி, பின்னர் 'வொண்டர்லா' ஆன நிறுவனம் பெங்களூரு, ஹைதராபாத், புவனேசுவரம் வழியாக 2025 டிசம்பரில் சென்னைக்கும் வந்துவிட்டது. அந்த நிறுவனம் வளர்ந்தது மது வருவாயால் அல்ல. உயரத்திலிருந்து நீரில் சறுக்கும் விளையாட்டுகளும், தலைகீழாகச் சுழலும் ராட்டினங்களும் உள்ள இடத்தில் குடித்தவரை ஏற்றுவது விபத்தை விலை கொடுத்து வாங்குவதற்குச் சமம் என்பதை இத்தொழிலில் உள்ளவர்கள் அறிவர். அலைக்குளத்தின் கரையில் நிற்கும் உயிர்காப்பாளர் இருபது வயது இளைஞராகத்தான் பெரும்பாலும் இருப்பார். குடித்துவிட்டு இறங்கும் நாற்பது வயதுக்காரரை அவர் தடுத்து நிறுத்த வேண்டும். அத்தகைய ஒரு பொறுப்பை அவர் தலையில் எந்த அரசாணையும் எளிதில் சுமத்திவிடலாம். அதை அவர் நிறைவேற்றுவது எளிதல்ல.

வயது வரம்பும் ஒரு சிக்கல். மது வாங்குவதற்கான குறைந்தபட்ச வயதைக் கேரளம் 2017 இறுதியில் 21-லிருந்து 23-ஆக உயர்த்தியது. டெக்னோபார்க்கில் அடையாள அட்டையைப் பார்த்து ஆளை அனுமதிக்க முடியும். கல்லூரி மாணவர் கூட்டங்களும் பள்ளிச் சுற்றுலாப் பேருந்துகளும் வரிசையாக வந்து நிற்கும் பூங்காவில் 22 வயதையும் 23 வயதையும் யார் பிரித்தறிவது?

இந்த விவாதத்தில் எதிர்த்தரப்புக்கு வலுவான வாதம் ஒன்று உண்டு. உலகம் அறிந்த டிஸ்னி பூங்காக்களின் அனுபவமே அது. வால்ட் டிஸ்னி 1955-இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய முதல் பூங்காவில் பொதுமக்களுக்கு மது விற்கப்படவில்லை. அதே கட்டுப்பாட்டுடன் 1992 ஏப்ரலில் பாரிஸ் அருகே திறக்கப்பட்ட பூங்கா, மதிய உணவுடன் ஒயின் அருந்தும் பழக்கமுள்ள பிரெஞ்சுக்காரர்களின் எரிச்சலைச் சம்பாதித்தது. அடுத்த ஆண்டே அங்கு ஒயின் வந்தது. ஃபுளோரிடாவில் 1971-இல் திறக்கப்பட்ட பூங்காவில் 2012 நவம்பரில் ஓர் உணவகத்தில், இரவு உணவுடன் மட்டும், பீரும் ஒயினும் தொடங்கின. கலிஃபோர்னியாவிலும் 2019-இல் கட்டுப்பாடு தளர்ந்தது. குடும்பங்கள் வருவது இதனால் நின்றுவிடவில்லை. அப்படியிருக்க கேரளத்துக்கு மட்டும் என்ன தயக்கம் என்று கேட்கிறார்கள்.

தயக்கத்துக்குக் காரணம் குடிக்கும் முறை. பாரிஸில் ஒயின் என்பது சாப்பாட்டு மேசையின் ஓர் அங்கம். பாட்டியும் பேரனும் அமர்ந்திருக்கும் மேசை அது. கேரளத்திலும் தமிழகத்திலும் குடி என்பது பெரும்பாலும் ஆண்கள் வீட்டுக்கு வெளியே, விரைவாக, போதைக்காகவே செய்யும் காரியம். தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்றின்படி (2019-21) கேரளத்தில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் ஏறத்தாழ 20 சதவீதத்தினரும், தமிழகத்தில் சுமார் 25 சதவீதத்தினரும் மது அருந்துகின்றனர். பெண்களிடையே இரு மாநிலங்களிலும் இது அரை சதவீதத்தைக்கூட எட்டவில்லை. ஆக, பூங்காவில் மது என்றால் நடைமுறையில் என்ன பொருள்? தந்தை உள்ளே செல்ல, தாயும் பிள்ளைகளும் வெளியே காத்திருப்பது. மாலையில் காரையோ இரு சக்கர வாகனத்தையோ ஓட்டி வீடு திரும்ப வேண்டியவரும் அநேகமாக அந்தத் தந்தைதான்.

பூங்காவில் விற்காவிட்டால் வாகன நிறுத்துமிடத்தில் குடித்துவிட்டு வருகிறார்களே என்ற பதில் உடனே வரும். உண்மைதான். பொது இடத்தில் குடிப்பதைக் கேரள அப்காரி சட்டம் தடை செய்தும் அது நடக்கிறது. ஆனால், வாகன நிறுத்துமிடத்தில் குடிப்பவரைத் தடுக்காத காவலர், பூங்காவுக்குள் இரண்டாவது கோப்பையை நிறுத்துவார் என்று நம்ப என்ன இருக்கிறது என்பதை அந்தப் பதில் விளக்குவதில்லை.

இந்த இடத்தில் கேரளத்தை மட்டும் குற்றம் சாட்டுவது நியாயமாகாது. அரசமைப்புச் சட்டத்தின் 47-ஆவது பிரிவு போதைப் பானங்களைத் தடை செய்ய அரசு முயல வேண்டும் என்கிறது. ஏழாவது அட்டவணையின் மாநிலப் பட்டியல் மதுவையும் அதன் மீதான வரியையும் மாநிலங்களிடம் ஒப்படைத்திருக்கிறது. மது குறித்து நாடாளுமன்றத்தில் உறுப்பினர்கள் கேள்வி எழுப்பும்போதெல்லாம் 'இது மாநில விவகாரம்' என்ற ஒற்றை வரிக்குள் மத்திய அமைச்சர்கள் ஒதுங்கிக்கொள்வது வாடிக்கை. ஆனால், கேரளத்தில் பார் உரிமத்துக்கு அடிப்படையாக இருக்கும் நட்சத்திரத் தகுதியை விடுதிகளுக்கு வழங்குவது மத்திய சுற்றுலா அமைச்சகம். மூன்று நட்சத்திரமா, இரண்டா என்பதை தில்லியின் வகைப்பாட்டுக் குழு முடிவு செய்கிறது; அந்த முடிவின் மீது பார் திறக்கிறது. மத்திய அரசுக்கு இதில் பங்கே இல்லை என்பது பாதி உண்மைதான்.

மற்றொரு பாதி வரியில் இருக்கிறது. 2017 ஜூலையில் சரக்கு-சேவை வரி வந்தபோது, மனிதர் அருந்தும் மது அதற்கு வெளியே வைக்கப்பட்டது. மாநிலங்கள் தம் விருப்பப்படி விகிதம் வைத்து வசூலிக்கக்கூடிய பெரிய இனங்கள் என்று பெட்ரோலியப் பொருள்களும் மதுவும்தான் மிஞ்சின. அதற்கான இழப்பீடும் 2022 ஜூன் மாதத்துடன் நின்றது. அதே ஆண்டு டிசம்பரில் கேரளம் மது மீதான விற்பனை வரியை 247 சதவீதத்திலிருந்து 251 சதவீதமாக உயர்த்தியது. 2023 பட்ஜெட்டில் பாட்டிலுக்கு ரூ. 20, ரூ. 40 என்று சமூகப் பாதுகாப்பு கூடுதல் வரியும் வந்தது. கடன் வரம்பு தொடர்பாக மத்திய அரசுக்கு எதிராகக் கேரளம் உச்ச நீதிமன்றம் சென்றது 2023 டிசம்பரில். அந்த வழக்கு 2024 ஏப்ரலில் அரசமைப்பு அமர்வுக்கு அனுப்பப்பட்டது.

இந்தக் கணக்கைப் பூங்கா வாசலில் வைத்துப் பார்க்கலாம். பூங்கா நுழைவுச்சீட்டுக்கான சரக்கு-சேவை வரி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக 2018 ஜனவரியில் குறைக்கப்பட்டது. அதில் பாதி தில்லிக்குப் போகிறது. உள்ளே ஒரு பாட்டில் விற்றால் அதன் வரியில் தில்லிக்குப் பங்கு இல்லை. நிதி நெருக்கடியில் உள்ள ஒரு மாநிலத்தின் கருவூலத்துக்கு எது இனிக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 2023-24-இல் கேரளத்தில் சுமார் ரூ. 19 ஆயிரம் கோடிக்கு மது விற்பனையானது. தமிழகத்தில் டாஸ்மாக் மூலம் அரசுக்குக் கிடைத்த வருவாய் அதே ஆண்டில் ரூ. 45,855 கோடி. விற்பவரும் அரசு, உரிமம் தருபவரும் அரசு, 'விமுக்தி' போன்ற போதை ஒழிப்பு இயக்கத்தை நடத்துவதும் அதே கலால் துறை என்ற விசித்திரம் கேரளத்தில் யாரையும் வியக்க வைப்பதில்லை.

பிற மாநிலங்களிலும் கடந்த சில ஆண்டுகளாக இதே போக்கு தென்படுகிறது. மகாராஷ்டிர அமைச்சரவை 2022 ஜனவரியில் பேரங்காடிகளில் ஒயின் விற்க ஒப்புதல் அளித்தது. அண்ணா ஹசாரே உண்ணாவிரத எச்சரிக்கை விடுத்தார், எதிர்ப்பில் அத்திட்டம் முடங்கியது. பெரிய தனியார் அலுவலகங்களுக்குள் பீரும் ஒயினும் வழங்க ஹரியாணா 2023-இல் வழி செய்தது. மகாத்மா பிறந்த குஜராத்தே 2023 டிசம்பரில் காந்திநகர் அருகே உள்ள 'கிஃப்ட் சிட்டி' வளாகத்துக்குள் மதுவிலக்கைத் தளர்த்தியது. கேரளத்தில் இடதுசாரிகள், குஜராத்தில் பாஜக. கொள்கையில் எதிரெதிர் துருவங்களான இவ்விரு கட்சிகளும் 'வளாகம்' என்ற ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டிருப்பது தற்செயல் அல்ல. மாநிலம் முழுவதற்குமான கொள்கையை மாற்றினால் எதிர்ப்பு திரளும். ஒரு சுவருக்குள் மட்டும் என்றால் அவ்வளவாகத் திரளாது.

தமிழக வாசகர்களுக்கு இது புதிதல்ல. மாநாட்டு அரங்குகள், திருமண மண்டபங்கள், விளையாட்டு மைதானங்கள் ஆகியவற்றில் சிறப்பு உரிமம் பெற்று மது பரிமாறலாம் என்ற விதித்திருத்தம் 2023 ஏப்ரலில் வெளிச்சத்துக்கு வந்தபோது தமிழகத்தில் எழுந்த கொந்தளிப்பு நினைவிருக்கும். கூட்டணிக் கட்சிகளே எதிர்த்தன. திருமண மண்டபங்களுக்கு அனுமதி இல்லை என்று அன்றே அமைச்சர் வி. செந்தில் பாலாஜி விளக்கம் அளிக்க, பின்னர் ஆணை திருத்தப்பட்டது. தாலி கட்டும் இடத்தில் சாராய வாடையா என்ற ஒற்றைக் கேள்விக்கு அரசிடம் பதில் இருக்கவில்லை. ஆனால், சர்வதேச விளையாட்டுப் போட்டிகளுக்கான அனுமதி பெரிய விவாதமின்றி நின்றுவிட்டது. கிரிக்கெட் மைதானத்துக்குக் குழந்தைகள் வருவதில்லையா என்று அப்போது அதிகம் பேர் கேட்கவில்லை.

கேரளத்திலும் இப்படி ஒரு பின்வாங்கல் உண்டு. அரசுப் பேருந்து நிலையக் கட்டடங்களில் மதுக்கடைகளுக்கு இடம் கொடுக்கலாம் என்ற யோசனையை 2021 செப்டம்பரில் போக்குவரத்து அமைச்சர் அந்தோணி ராஜு வெளியிட்டார். அவர் அப்போது திருவனந்தபுரம் தொகுதியின் உறுப்பினராக இருந்தார். நட்டத்தில் ஓடும் போக்குவரத்துக் கழகத்துக்கு வாடகை வரும் என்பது கணக்கு. கத்தோலிக்கத் திருச்சபை முதல் தொழிற்சங்கங்கள் வரை பல தரப்பிலும் எதிர்ப்புக் கிளம்பியது. பேருந்து நிலையம் பெண்களும் குழந்தைகளும் காத்திருக்கும் இடம் என்பதே அப்போது எல்லோரும் சொன்ன காரணம்.

ஒரு முறை வரைந்த எல்லை அதே இடத்தில் நிற்பதில்லை என்பதற்கு உச்ச நீதிமன்றத்தின் நெடுஞ்சாலைத் தீர்ப்பைவிடச் சிறந்த உதாரணம் இல்லை. தமிழகத்தைச் சேர்ந்த வழக்கறிஞர் கே. பாலு தொடுத்த வழக்கின் தொடர்ச்சியாக, நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மது விற்கக் கூடாது என்று 2016 டிசம்பர் 15-இல் தீர்ப்பு வந்தது. 2017 மார்ச் 31-இல் சிறிய ஊர்களுக்கு அது 220 மீட்டர் ஆனது. ஜூலையில் நகராட்சி எல்லைகளுக்குள் பொருந்தாது என்று விளக்கம் வந்தது. 2018 பிப்ரவரியில், நகர்த்தன்மை கொண்ட ஊராட்சிகள் எவை என்பதை மாநிலங்களே முடிவு செய்யலாம் என்றாயிற்று. கேரளத்தில் மூடிய பார்களும் கடைகளும் மீண்டும் திறக்க அந்த வாய்ப்பு உடனே பயன்படுத்தப்பட்டது. சாலை விபத்தில் சாகும் உயிர்களை முன்னிறுத்தி வந்த தீர்ப்பு பதினான்கு மாதங்களில் எங்கே வந்து நின்றது என்பதை நினைத்துப் பார்க்கலாம்.

மாதத்தின் முதல் நாள் மதுவற்ற நாள் என்ற கேரளத்தின் பழைய ஏற்பாடும் இதற்கு விலக்கல்ல. அதை நீக்கப் பணம் திரட்டப்படுவதாக 2024 மே மாதத்தில் வெளியான ஒலிப்பதிவு பெரும் புயலைக் கிளப்பியது, அரசு மறுத்தது. அதன் பிறகும் 2025-26 கொள்கையில், மூன்று நட்சத்திரத்துக்கு மேற்பட்ட விடுதிகளில் திருமணம், மாநாடு போன்றவற்றுக்கு அந்த நாளிலும் முன்அனுமதியுடன் மது பரிமாற வழி ஏற்பட்டது. சுற்றுலாக் கப்பல்களுக்கும் அதே கொள்கை கதவைத் திறந்தது.

பூங்கா உரிமையாளர் ஒருவர் நாளை விண்ணப்பித்தால் என்ன நடக்கும்? தனியாகப் புதிய உரிம வகை வேண்டும் என்பதுகூட அவசியமில்லை. பூங்காவை ஒட்டி ஒரு விடுதி கட்டி, தில்லியிலிருந்து மூன்று நட்சத்திரத் தகுதி பெற்றுவிட்டால், பார் உரிமம் கோர வழி இருக்கிறது. பூங்காவின் வாசலும் விடுதியின் வாசலும் எத்தனை மீட்டர் இடைவெளியில் இருக்க வேண்டும் என்பதுதான் அப்போது மிஞ்சும் கேள்வி. கள்ளுக்கடைக்குப் பள்ளியிலிருந்தும் வழிபாட்டுத் தலத்திலிருந்தும் 400 மீட்டர் தூரம் கேட்கும் மாநிலத்தில், குழந்தைகள் விளையாடும் பூங்காவுக்கு இத்தகைய தூரக் கணக்கு பற்றி யாரும் பேசியதாகத் தெரியவில்லை. டெக்னோபார்க் விதிகளை எதிர்த்துப் பேரவைக் குழுவில் குரல் கொடுத்தவர்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

அந்த ஊரின் மக்கள் பிரதிநிதிகள் தடுக்கலாம் அல்லவா என்றால், அதற்கும் ஒரு வரலாறு உண்டு. மதுக்கடை, பார் ஆகியவற்றுக்குத் தடையில்லாச் சான்று வழங்கும் அதிகாரம் கேரளத்தில் ஊராட்சிகளிடமும் நகராட்சிகளிடமும் இருந்தது. 2017-இல் ஓர் அவசரச் சட்டத்தின் மூலம் அது பறிக்கப்பட்டது. ஆளுநராக இருந்த தமிழகத்தைச் சேர்ந்த முன்னாள் தலைமை நீதிபதி பி. சதாசிவம், விளக்கம் கேட்டுப் பெற்ற பின்னரே அதில் கையொப்பமிட்டார். அதிகாரப் பரவலாக்கத்துக்கு நாட்டுக்கே முன்மாதிரி என்று பெயர் பெற்ற மாநிலத்தில், தெருவிளக்கு எங்கே வேண்டும் என்று கேட்ட கிராம சபையிடம் மதுக்கூடம் வேண்டுமா என்று மட்டும் கேட்க வேண்டியதில்லை என்று முடிவானது அந்த ஆண்டில்தான்.